சேய்மை விளி: இறைவன் தொலைவில் நிற்கும்போது கிறித்தவப் பக்தி மொழி

1. முன்னுரை

பக்தி இலக்கியம் என்றவுடன் இறைவனின் அண்மையைப் போற்றும் பாடல்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆயின், கிறித்தவ வழிபாட்டின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகிய விவிலியச் சங்கீத நூலில் நிலைமை வேறாக உள்ளது. அந்நூலின் 150 பாடல்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் பாடல்களாகும். இறைவன் முகத்தை மறைத்துக்கொண்டார், மறந்துவிட்டார், எட்டாத் தொலைவில் நிற்கிறார் என்னும் முறையீடு அவற்றில் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது.

இம்முறையீட்டிற்குப் பொதுவாக இருவகை விளக்கங்கள் தரப்படுகின்றன. இறைவன் தொலைவில் இருப்பதாகத் தோன்றுவது நம்பிக்கைக் குறைவின் விளைவு. அதனைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. அத்தொலைவு தற்காலிகமானது, இழந்த உணர்வு திரும்பும்போது ஆன்மிகப் புத்துயிர்ப்பும் வந்து சேரும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் புத்துயிர்ப்பை உணர்வின் அளவைக்கொண்டே மதிப்பிடுகின்றன. பனுவல்களின் மொழியமைப்போ வேறொரு திசையைக் காட்டுகிறது. இறைவனைப் பற்றிப் பேசும் படர்க்கைப் பேச்சு, இறைவனை நோக்கிப் பேசும் முன்னிலைப் பேச்சாக மாறும் இடத்திலேயே இப்பாடல்களில் புத்துயிர்ப்பு தொடங்குகிறது என்பதைச் சில சங்கீதங்கள், சிலுவை யோவானின் கவிதைகள், கொல்கத்தாவில் வாழ்ந்த அன்னை தெரேசாவின் மடல்கள் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

2. விளியும் சேய்மையும்: இலக்கண நோக்கு

தமிழ் இலக்கண மரபு விளியை எட்டாம் வேற்றுமையாகக் கொள்கிறது. தொல்காப்பிய விளிமரபு, அழைக்கப்படுவோரின் அண்மையையும் சேய்மையையும் கருத்திற் கொள்கிறது. அண்மையில் உள்ளாரை அழைக்கும்போது பெயர் இயல்பாக நிற்றலும், சேய்மையில் உள்ளாரை அழைக்கும்போது ஓசை தன் அளவைக் கடந்து நீளுதலும் அங்குச் சுட்டப்படுகின்றன. இவ்விதியில் அடங்கியுள்ள கருத்து சிந்திக்கத்தக்கது. தொலைவு விளியை நீக்கிவிடுவதில்லை. அதனை நீளச் செய்கிறது. அழைக்கப்படுபவர் எட்ட இருப்பினும், அழைக்கும் செயலால் அவர் முன்னிலையாகிவிடுகிறார்.

செய்யுளியலும் இதனோடு இயைந்த ஒரு குறிப்பைத் தருகிறது. ஒத்தாழிசைக் கலியின் ஒரு வகை தேவரைப் பரவுவது என்றும், அது முன்னிலையிடத்தே வருவது என்றும் தொல்காப்பியம் வரையறுக்கிறது. இறைவனை முன்னிறுத்திப் பேசுதலை ஒரு பாவகையின் இலக்கணமாகவே தமிழ் மரபு கண்டது என்பது இதனால் பெறப்படும்.

எபிரேய மொழியின் இலக்கணம் வேறு. தொல்காப்பிய விதிகளை அதன்மேல் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. எனினும், அண்மை விளி, சேய்மை விளி, முன்னிலை, படர்க்கை என்னும் பாகுபாடுகள் புலம்பற் பாடல்களின் உள்ளியக்கத்தை விளக்குதற்கு ஏற்ற திறனாய்வுக் கருவிகளாகின்றன. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடப்பாகுபாடு எபிரேயத்திற்கும் உரியதாதலின் இந்நோக்கு வலிந்து பொருள் கொள்வதாகாது.

3. தொலைவு என்னும் சொல்: 22ஆம் சங்கீதம்

இயேசு சிலுவையில் எழுப்பிய கதறலாக மத்தேயுவும் மாற்கும் பதிவு செய்வது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கமாகும். ஆகவே கிறித்தவ மரபில் இறைவன் தொலைவாகத் தோன்றும் பட்டறிவு விளிம்பில் வைக்கத்தக்கதன்று. அது சமயத்தின் மையக் காட்சியிலேயே இடம் பெற்றுவிட்டது.

இப்பாடலில் தொலைவைக் குறிக்கும் ஒரே வேர்ச்சொல் 1, 11, 19 ஆகிய வசனங்களில் வருகிறது. முதலில் அது குற்றச்சாட்டு. மீட்பு எட்டாத் தொலைவில் உள்ளது என்கிறது. பின்னிரண்டு இடங்களிலும் அது வேண்டுகோள். தொலைவில் நில்லாதிரும் என இரக்கிறது. 11ஆம் வசனத்தில் இடர் அண்மையில் உள்ளது என்பதும் உடன் கூறப்படுவதால், இறைவன் சேய்மையிலும் துன்பம் அண்மையிலுமாக இடம் மாறி நிற்கும் முரண் கூர்மை பெறுகிறது. ஒரு சொல் முறையீட்டிலிருந்து மன்றாட்டாக நகர்வதே பாடலின் முதற்பகுதியின் இயக்கம் எனலாம். சூழ்நிலை எதுவும் மாறவில்லை. மாறியது சொல்லின் பயன்பாடு.

8ஆம் வசனத்தில் ஏளனம் செய்வோரின் பேச்சு இடம்பெறுகிறது. அவர்கள் இறைவனைப் படர்க்கையில் குறிப்பிட்டு, அவர் இவனை மீட்கட்டும் என்கின்றனர். அடுத்து வரும் இரு வசனங்களில் பாடுபவன் அவர்களுக்கு மறுமொழி கூறவில்லை. இறைவன் பக்கம் திரும்பி, தன்னைத் தாய் வயிற்றிலிருந்து வெளிக்கொணர்ந்தவர் அவரே என்று முன்னிலையில் பேசுகிறான். ஏளனத்திற்கு விடை வாதமாக வராமல் விளியாக வருவது இங்குக் கருதத்தக்கது.

21ஆம் வசனத்திற்குப் பின் பாடல் புகழ்ச்சியாக மாறுகிறது. சபையோருக்கு இறைவனைப் பற்றி எடுத்துரைக்கும் இப்பகுதியில் படர்க்கை மிகுதியாக வருகிறது. எனவே படர்க்கை தன்னளவில் குறையுடையதன்று என்பதும் தெளிவாகிறது. முன்னிலையைக் கடந்து வந்த படர்க்கை சான்றுரையாகிறது. முன்னிலையைத் தவிர்க்கும் படர்க்கை ஏளனமாகவோ வெறும் கருத்தாகவோ நின்றுவிடுகிறது.

4. ஒரே வினா, ஈரிடம்: 42, 43ஆம் சங்கீதங்கள்

42, 43 ஆகிய இரண்டும் இன்று தனித்தனி எண்களைப் பெற்றிருப்பினும், 43க்குத் தலைப்பு இன்மையாலும் இரண்டிலும் ஒரே பல்லவி வருவதாலும் அவை தொடக்கத்தில் ஒரே பாடலாக இருந்திருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்பல்லவி 42:5, 42:11, 43:5 என மூன்று முறை வருகிறது. மூன்று முறையும் பாடுபவன் தன் ஆத்துமாவை விளித்து, ஏன் கலங்குகிறாய் என்று வினவி, இறைவனுக்காகக் காத்திருக்குமாறு சொல்கிறான். முதன்முறை சொன்னபின் கலக்கம் தீர்ந்துவிடவில்லை. அடுத்த வசனமே ஆத்துமா கலங்குவதை மீண்டும் கூறுகிறது. ஆறுதல் சொல் உடனே பயன் தரவில்லை என்பதை மறைக்காமல் காட்டுவதே இப்பாடலின் நேர்மை.

பாடலில் பகைவர் எழுப்பும் வினா ஒன்று இருமுறை வருகிறது: உன் தேவன் எங்கே என்பது அதன் கருத்து. ஆலயத்தினின்று நெடுந்தொலைவில், எர்மோன் மலைப் பகுதியில் இருப்பவனுக்கு இவ்வினா எலும்பை முறிப்பது போன்ற வேதனையைத் தருகிறது. பகைவரின் வினா படர்க்கை வினா. அதற்கு அவன் விடையளிக்க இயலாது. ஏனெனில் இறைவன் எங்கே என்பது அவனுக்கும் தெரியவில்லை. ஆனால் 42:9இல் அவ்வையத்தையே அவன் முன்னிலை வினாவாக மாற்றி, தன்னை ஏன் மறந்தீர் என இறைவனிடமே கேட்கிறான். 43ஆம் சங்கீதத்திலோ பேச்சின் பெரும்பகுதி இறைவனை நோக்கிய மன்றாட்டாகிறது. ஒளியையும் உண்மையையும் அனுப்புமாறு அவன் கேட்கிறான். இல்லாதவர் என்று பிறர் கூறுபவரிடமே அவரது இன்மையைப் பற்றி முறையிடுதல் என்னும் இம்முரணே புலம்பற் பாடலின் உயிர்நிலை எனலாம்.

5. நினைவும் முன்னிலையும்: 77ஆம் சங்கீதம்

கடந்தகால அருளை நினைவுகூர்ந்தால் ஆறுதல் பிறக்கும் என்பது பக்தி நூல்கள் பலவும் தரும் அறிவுரை. 77ஆம் சங்கீதம் இவ்வறிவுரையைச் சோதனைக்கு உட்படுத்துகிறது. அதன் 3ஆம் வசனத்தில் பாடுபவன் இறைவனை நினைக்கிறான். விளைவு ஆறுதல் அன்று, பெருமூச்சே. 11ஆம் வசனத்தில் அதே நினைத்தல் வினை மீண்டும் வருகிறது. இப்போது பாடல் உயிர் பெற்று எழுகிறது. ஒரே செயல் இருவேறு விளைவுகளைத் தருவதற்குக் காரணம் யாது?

இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு பேச்சின் இடத்தில் அமைந்துள்ளது. பாடலின் முதற்பகுதியில், கண்களை மூட விடாததைக் குறிப்பிடும் 4ஆம் வசனம் நீங்கலாக, இறைவன் படர்க்கையிலேயே குறிக்கப்படுகிறார். தன்மைப் பேச்சே ஓங்கி நிற்கிறது. 7 முதல் 9 வரையுள்ள வசனங்களில் அடுக்கி வரும் ஆறு வினாக்களும் படர்க்கை வினாக்களே. இறைவன் இரக்கத்தை அடைத்துவிட்டாரோ என்னும் வினா, தானே தனக்குள் சுழல்கிறது. 10ஆம் வசனத்தின் எபிரேயம் பொருள் தெளிவற்றது, மொழிபெயர்ப்புகள் வேறுபடுகின்றன. 11ஆம் வசனமோ ஐயத்திற்கு இடமின்றி அமைகிறது. அதன் முற்பாதியில் ஆண்டவரின் செயல்கள் என்று படர்க்கையில் தொடங்கும் பேச்சு, பிற்பாதியில் உம்முடைய அதிசயங்கள் என்னும் பொருளில் முன்னிலைக்குத் திரும்புகிறது. அதன்பின் பாடல் முடியும்வரை முன்னிலையே ஆட்சி செய்கிறது. நினைவு மருந்தாவது அது உரையாடலுக்குள் வரும்போதே என்பது இதனால் விளங்கும்.

முடிவில் செங்கடலைக் கடந்த வரலாறு கூறப்படுகிறது. அங்கும் இறைவனின் வழி கடலின் ஊடே சென்றது என்றும் அவருடைய அடிச்சுவடுகள் காணப்படவில்லை என்றும் 19ஆம் வசனம் கூறுகிறது. மீட்பு வரலாற்றின் உச்சியிலேயே சுவடு தெரியாமை இடம்பெறுகிறது. பாடுபவன் தொடக்கத்தில் துன்பமாகக் கண்ட மறைவை, இறுதியில் இறைவன் நடக்கும் முறையாகவே காண்கிறான். மறைவு நீங்கவில்லை, அதன் பொருள் மாறியுள்ளது.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகத்திற்கு மூலமாகிய ஜான் பனியனின் மோட்சப் பயண நூலும் (1678) இதே கருத்தைக் கதை வடிவில் தருகிறது. ஐயக்கோட்டையில் அவநம்பிக்கை என்னும் அரக்கனால் சிறை வைக்கப்பட்ட பயணிகள், சனிக்கிழமை நள்ளிரவில் மன்றாடத் தொடங்கி விடியும்வரை மன்றாடுகின்றனர். அதன் பின்னரே வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பது கிறிஸ்தியானுக்கு நினைவுக்கு வருகிறது. திறவுகோல் எப்போதும் உடன் இருந்தது. அதனை நினைப்பூட்டியது மன்றாட்டு.

6. திரும்பாத பாடல்: 88ஆம் சங்கீதம்

புலம்பற் பாடல்கள் பல திடீரெனப் புகழ்ச்சியாக மாறுவதற்குக் காரணம் தேடிய செருமானிய அறிஞர் யோவாக்கிம் பெக்ரிக், 1934இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். புலம்பலைக் கேட்ட ஆலயக் குரு இறைவன் பெயரால் மீட்பு வாக்கு ஒன்றை உரைத்திருக்க வேண்டும். அதுவே மாற்றத்திற்குக் காரணம் என்பது அது. இக்கருதுகோள் செல்வாக்குப் பெற்றதாயினும், பனுவலில் காணப்படாத ஒரு வாக்கைப் பனுவலுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுத்துகிறது. மேற்காட்டிய பாடல்களில் மாற்றம் பேச்சின் உள்ளிருந்தே எழுவதைக் காண முடிகிறது.

மேலும் 88ஆம் சங்கீதத்தை இக்கருதுகோளால் விளக்க இயலாது. இப்பாடலில் திருப்பமே இல்லை. எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல் இருளைக் குறிப்பது. குழியில் தள்ளியவர், அலைகளால் ஒடுக்கியவர், நண்பரை அகற்றியவர் என வினைகளுக்கெல்லாம் எழுவாயாக இறைவனே நிற்கிறார். ஆயினும் 1, 9, 13 ஆகிய வசனங்களில் மும்முறை விளி புதுப்பிக்கப்படுகிறது. இரவும் பகலும், நாள்தோறும், காலையிலும் என அழைப்பின் காலம் விரிகிறது. குற்றச்சாட்டுகள் யாவும் முன்னிலையிலேயே கூறப்படுகின்றன. தொடக்கத்தில் மீட்பின் தேவன் என்னும் ஒரு விளி மட்டுமே நம்பிக்கைச் சொல்லாக உள்ளது. எஞ்சியது முழுதும் இருள்.

இப்பாடலைத் தோல்வியுற்ற பாடல் என்று ஒதுக்குவது எளிது. அதனைத் தொகுத்தோர் அவ்வாறு கருதவில்லை. புகழ்ச்சியால் முடிவு கட்டாமலே அதனை வழிபாட்டு நூலில் சேர்த்துள்ளனர். உணர்வு திரும்பாத நிலையிலும் வழிபாடு வழிபாடாகவே இருக்கும் என்பதற்கு இதனினும் வலுவான பனுவற் சான்று வேண்டுவதில்லை. புத்துயிர்ப்பை உணர்வால் அளப்போர்க்கு இப்பாடல் புதிராகும். முன்னிலைப் பேச்சால் அளப்போர்க்கு இதுவே உரைகல்லாகும்.

7. நீத்தல் விண்ணப்பம்: ஓர் ஒப்பீடு

இத்தகைய முன்னிலை முறையீடு தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பம் 50 கட்டளைக் கலித்துறைப் பாடல்களில் தன்னைக் கைவிட்டுவிடலாகாது என்று சிவபெருமானிடம் முறையிடுகிறது. அதன் அந்தாதி அமைப்பு ஒரு பாடலின் முடிவை அடுத்த பாடலின் தொடக்கமாக்குவதால் விளி அறுபடாமல் நீள்கிறது. இறுதிப் பகுதியில், கைவிட்டால் இறைவனையே ஊரார் நகைக்கச் செய்வேன் என்னும் அளவுக்கு உரிமைப்பேச்சு மிகுகிறது. வேறுபாடும் உண்டு. மணிவாசகரின் அச்சம் பெரிதும் தன் தகுதியின்மையிலிருந்து எழுகிறது. 88ஆம் சங்கீதத்தில் பாடுபவன் தன் குற்றம் எதனையும் சொல்லவில்லை. திருவாசகம் ஒருமை முன்னிலையால் உரிமை காட்ட, தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு நீர், உம் என்னும் மரியாதை முன்னிலையைக் கையாள்கிறது. மிகக் கடுமையான குற்றச்சாட்டும் பணிவின் வடிவில் வருவது தமிழ்ச் சங்கீதங்களுக்கு ஒரு தனித்த இறுக்கத்தைத் தருகிறது.

8. இரவை விளித்தல்: சிலுவை யோவான்

இசுபானியத் துறவி சிலுவை யோவான் (1542–1591) 1577 திசம்பர் முதல் 1578 ஆகசுடு வரை தோலேதோ நகரில் தம் சபையினராலேயே சிறை வைக்கப்பட்டார். அங்கு உருவான அவருடைய ஆன்மிகக் காதற்பாட்டின் பெரும்பகுதி, மறைந்துவிட்ட அன்பரை நோக்கி எங்கே ஒளிந்தாய் என்னும் பொருள்பட வினவித் தொடங்குகிறது. 42ஆம் சங்கீதத்தில் பகைவர் கேட்ட எங்கே என்னும் வினா இங்குக் காதலியின் வினாவாகிவிட்டது. சொல் ஒன்றே, இடம் மாறியதால் ஏளனம் வேட்கையாயிற்று.

அவருடைய இருள் இரவு என்னும் கவிதை 8 செய்யுள்களைக் கொண்டது. அதன் 5ஆம் செய்யுளில் அவர் இரவையே விளிக்கிறார். வழிநடத்திய இரவு எனப் போற்றுகிறார். அன்பரை மறைப்பதே அன்பரிடம் சேர்ப்பதும் ஆகிறது. இக்கவிதைக்கு அவர் எழுதிய உரை முதல் இரு செய்யுள்களை விளக்கி, மூன்றாவதின் தொடக்கத்தோடு நின்றுவிடுகிறது. உரை இரவைப் பற்றிப் பேசுகிறது. கவிதை இரவோடு பேசுகிறது.

9. கொல்கத்தா மடல்கள்

இம்மரபின் அண்மைக்கால இந்தியச் சான்று அன்னை தெரேசாவின் (1910–1997) மடல்கள். அவை அருட்தந்தை பிரையன் கோலோதீய்ச்சுக்கு பதிப்பித்த தொகுப்பாக 2007இல் வெளிவந்தன. அவற்றை அழித்துவிடுமாறு அவர் கேட்டிருந்தார் என்பதனை நினைவிற்கொண்டே திறனாய்வாளர் அவற்றை அணுகுதல் வேண்டும். 1950இல் அன்பின் பணியாளர் சபையை நிறுவிய காலத்தையொட்டித் தொடங்கிய அக இருள், 1958 அக்டோபரில் ஏறத்தாழ ஒரு மாதம் விலகியது நீங்கலாக, இறுதிவரை நீடித்ததாகப் பதிப்பாசிரியர் கருதுகிறார்.

நூல் வெளிவந்தபோது சிலர் இதனை நம்பிக்கை இழப்பின் சான்றாகக் காட்டினர். வேறு சிலர் சிலுவை யோவானின் இரவு என்று பெயரிட்டு அமைந்தனர். இரண்டும் மடல்களின் வடிவத்தைக் கருத்திற் கொள்ளவில்லை. பேராயர் பெரியேர் முதலியோர்க்கு எழுதிய மடல்களில் அவர் இறைவனைப் படர்க்கையில் குறித்துத் தம் வெறுமையை விவரிக்கிறார். 1959 செப்டம்பரில், அருட்தந்தை பிக்காச்சியின் அறிவுரைப்படி எழுதி அவருக்கு அனுப்பிய ஒரு மடலோ இயேசுவையே விளித்து எழுதப்பட்டது. தமக்குள் இறைவன் இல்லை என்னும் உணர்வை அவர் அவ்விறைவனிடமே சொல்கிறார். இலக்கண நிலையில் இது 88ஆம் சங்கீதத்தின் பேச்சே. நம்பிக்கை இழந்தவர் படர்க்கையோடு நின்றுவிட இயலும். இம்மடலோ விளியைக் கைவிடவில்லை.

சிலுவை யோவானின் இரவு ஒன்றிப்பிற்குச் செல்லும் வழி. அன்னை தெரேசாவின் இருள் விடியலில் முடிந்ததாகத் தெரியவில்லை. 1961இல் இயேசு சபை இறையியலறிஞர் யோசப் நாய்னரைச் சந்தித்தபின் மாறியது இருளின் அளவன்று, அதன் பொருள். இறைவனை உணர்தல் அவர் உடனிருப்பதற்கு ஒரே சான்றன்று. அவரை நாடும் வேட்கையே மறைவான உடனிருப்பின் அடையாளம் என்பது நாய்னர் தந்த விளக்கத்தின் சாரம். அதன்பின் இருளை நேசிக்கத் தொடங்கியதாக அன்னை தெரேசா அவருக்கு எழுதினார். சுவடு தெரியாமையை இறைவன் நடக்கும் முறையாகக் கண்ட 77ஆம் சங்கீதத்தோடு இது ஒத்துச் செல்கிறது. அவர் தம் இருளைத் தாம் பணி செய்த வறியோரின் கைவிடப்பட்ட நிலையோடு இணைத்துக்கொண்டமையால், தொலைவு அவரைப் பிறரிடமிருந்து பிரிக்காமல் பிறரிடம் சேர்த்தது.

இலக்கணத்தைக்கொண்டு ஒருவரது ஆன்ம நிலையை அளந்துவிட முடியாது என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது. மனநோயின் துயரத்தை ஆன்மிக இருள் எனப் பெயரிட்டுப் போற்றுவதும் தவறாகும். பனுவலின் பேச்சு எவ்விடத்தில் நிற்கிறது என்பதனை மட்டுமே திறனாய்வு உறுதியாகக் கூற இயலும்.

10. முடிவுரை

ஆராய்ந்த பனுவல்கள் காலத்தாலும் மொழியாலும் வேறுபட்டவை. எனினும் அவற்றுள் மூன்று பொதுத்தன்மைகள் காணப்படுகின்றன. முதலாவது, இறைவன் தொலைவில் நிற்பதை அவை மறுப்பதோ மழுப்புவதோ இல்லை. இரண்டாவது, அத்தொலைவை இறைவனிடமே முறையிடுவதால் படர்க்கைத் துயரம் முன்னிலை மன்றாட்டாகிறது. மூன்றாவது, உணர்வு திரும்பினும் திரும்பாவிடினும் மறைவின் பொருள் மாற இடம் உண்டு.

புகழ்ச்சியில் முடியும் வசனங்களை மட்டும் தெரிந்தெடுத்துக் கற்பிக்கும் போதனை, 88ஆம் சங்கீதத்தைப் போன்ற நிலையில் இருப்பவர்க்குப் பேச மொழியில்லாமற் செய்துவிடும். அவர்க்குத் தேவைப்படுவது புலம்பும் உரிமையே. தமிழில் கிறித்தவ இலக்கியத்தை ஆராய்வோர் போற்றிப் பாடல்களுக்குத் தரும் இடத்தைப் புலம்பற் பாடல்களுக்கும் தந்து, அவற்றின் விளியமைப்பை விரிவாக ஆராய்தல் பயன் தரும். சேய்மையில் உள்ளாரை அழைக்கும்போது ஓசை தன் அளவைக் கடந்து நீளும் என்றார் தொல்காப்பியர். ஓசை நீளும்வரை, அழைக்கப்படுபவர் முன்னிலையாகவே இருக்கிறார்.